ஜீரோவுக்கு இரண்டு அர்த்தம்: கேஸ் டிடெக்டரின் கதையும் என் கையெழுத்தும்

கேஸ் டிடெக்டரின் வரலாறு பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. இந்தக் கதையின் கடைசிப் பகுதியில் என் கையெழுத்து ஒன்று வருகிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் எழுதியதாக ஆகும்.

எந்தக் கருவியைச் சொல்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்துப்போகும் சின்ன டிடெக்டர் இல்லை. எல்பிஜி பாட்டிலிங் நிலையம், பெட்ரோல் கிடங்கு, பாய்லர் அறை மாதிரி இடங்களில் சுவரிலோ தூணிலோ நிரந்தரமாக மாட்டியிருப்பார்களே, கனமான உலோகப் பெட்டி, கீழே ஒரு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அது. தீப்பற்றக்கூடிய வாயு கசிந்தால் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்வது அதன் வேலை. வருடம் முழுக்க அது சொல்வது ஒரே எண்தான்: ஜீரோ.

பிரச்சினை அந்த ஜீரோவில்தான் இருக்கிறது. வாயு இல்லை என்றாலும் ஜீரோ. கருவி செத்துவிட்டது என்றாலும் ஜீரோ. இருநூறு வருடக் கதையை இந்த ஒரு சிக்கலை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளக்கும் குருவியும்

1812 மே 25 அன்று, வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. பெரியவர்களும் சிறுவர்களுமாக 92 பேர் இறந்தார்கள். நிலக்கரி அடுக்குகளிலிருந்து கசியும் மீத்தேன்தான் காரணம். காற்றில் சுமார் 5 சதவீதம் சேர்ந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். ஆனால் மண்ணுக்கு அடியில் வேலை செய்பவனுக்கு வெளிச்சம் வேண்டும், அந்தக் காலத்தில் வெளிச்சம் என்றால் திறந்த நெருப்பு. வேலைக்கு வேண்டியதே கொல்வதாகவும் இருந்தது.

இந்த விபத்துக்குப் பிறகுதான் பாதுகாப்பு விளக்குக்கான தேடல் சூடுபிடித்தது. க்ளானி, ஜார்ஜ் ஸ்டீஃபன்சன், ஹம்ஃப்ரி டேவி என்று மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் விடை கண்டார்கள். யார் முதலில் என்ற சண்டை தனிக் கதை. 1815இல் டேவி செய்தது இதுதான்: சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வலை சூட்டை இழுத்துக்கொள்வதால் உள்ளே எரியும் தீ வெளியே பரவாது. இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடரின் தலையில் மங்கலான நீலத் தொப்பி ஒன்று தெரியும். வாயு கூடக் கூட அதன் உயரமும் கூடும். அனுபவப்பட்டவர்கள் அந்தத் தொப்பியை வைத்தே அளவு சொல்வார்கள். அதாவது வெளிச்சம் தரும் விளக்கே அளக்கும் கருவியாகவும் ஆகிவிட்டது.

ஆனால் விளக்கு வந்ததும் சாவு நின்றுவிடவில்லை. ஆபத்து என்று கைவிட்ட பகுதிகளுக்குள் ‘இப்பதான் விளக்கு இருக்கே’ என்று இறங்கினார்கள். வலை துருப்பிடித்தது, கிழிந்தது. கிழிந்த வலைக்குள்ளும் சுடர் அதேபோல அழகாகத்தான் எரியும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் சுரங்க வாசலில் விளக்கு அறை என்று ஒன்று வைத்து, ஒவ்வொரு விளக்கையும் சோதித்துப் பூட்டிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. பராமரிப்பு என்பது கருவி கண்டுபிடித்தபின் சேர்த்துக்கொண்ட உபரி வேலை இல்லை. அது இல்லாமல் கருவியே இல்லை.

குருவிக் கதையையும் சொல்லிவிடணும், ஏன்னா அதில் ஒரு குழப்பம் இருக்கு. சுரங்கத்துக்குள் கேனரி குருவியைக் கொண்டுபோனது மீத்தேனைக் கண்டுபிடிக்க என்று பலரும் நினைக்கிறார்கள். அது கார்பன் மோனாக்சைடுக்காக. வெடிப்புக்குப் பிறகு உள்ளே தேங்கும் அந்த விஷவாயுதான் மீட்கப் போனவர்களையும் கொன்றது. மனிதனைவிடச் சீக்கிரம் மயங்கும் சிறு உயிரைக் கூடவே கொண்டுபோகலாம் என்று 1890களில் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டனில் 1986 வாக்கில்தான் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள், எலக்ட்ரானிக் கருவிகள் அந்த இடத்துக்கு வந்தன.

குருவியிடம் ஒரு நேர்மை உண்டு. செத்துப்போனால் கூண்டைப் பார்த்தாலே தெரியும். செத்த பிறகும் கம்பியில் உட்கார்ந்து ‘எல்லாம் சரி’ என்று பாடிக்கொண்டிருக்காது.

சுடர் இல்லாத நெருப்பு

அடுத்த அத்தியாயமும் டேவியிடம்தான் தொடங்குகிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1817இல் அவர் ஒரு வினோதத்தைக் கவனித்தார். வாயு கலந்த காற்றில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால், சுடரே இல்லாமல் கம்பி தகதகவென்று ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் மட்டும் இப்படிச் செய்தன. செம்பு, வெள்ளி, இரும்பு எதிலும் நடக்கவில்லை. உலோகத்தின் மேற்பரப்பிலேயே வாயு அமைதியாக எரிகிறது. வினையூக்கம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான், அன்று அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை.

இந்தக் கவனிப்பு நடைமுறைக் கருவியாக நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. இடம் மாறியது, சுரங்கத்திலிருந்து எண்ணெய்த் தொட்டிக்கு. கலிஃபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலிவர் ஜான்சன், காலித் தொட்டிகளில் மிச்சமிருக்கும் ஆவி வெடிப்பதைத் தடுக்க வழி தேடினார். 1926இல் ‘மாடல் ஏ’ என்ற செயல்விளக்கக் கருவி. 1927இல் ‘மாடல் பி’ உற்பத்திக்கே வந்தது. தத்துவம் எளிமையானது. பிளாட்டினக் கம்பியில் வாயு எரிந்தால் கம்பி இன்னும் சூடாகும். சூடானால் அதன் மின்தடை கூடும். அந்த மாற்றத்தை மீட்டரில் படித்துவிடலாம். சுடரின் நீலத் தொப்பியைக் கண் சுருக்கிப் பார்த்த காலம் போய், முள் நகர்வதைப் பார்க்கும் காலம் வந்தது.

வெறும் கம்பியில் ஒரு சங்கடம் இருந்தது. மீத்தேனை எரிக்க அதை ஏறக்குறைய 1000 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பிளாட்டினமே மெல்ல ஆவியாகும், அளவு தடுமாறும். இதைத் தீர்த்தவர் பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆலன் பேக்கர். கம்பிச் சுருளின் மேல் மிளகைவிடச் சிறிய பீங்கான் மணி ஒன்றைப் பூசி, அதில் பல்லேடியம் போன்ற வினையூக்கியை ஏற்றினார். சுமார் 500 டிகிரியிலேயே வேலை நடந்தது. பக்கத்தில் வினையூக்கி இல்லாத இரட்டை மணி ஒன்று. வெயில், மழை, காற்று எல்லாம் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும், வாயு மட்டும் ஒன்றைப் பாதிக்கும். வித்தியாசத்தை அளந்தால் போதும். பெல்லிஸ்டர் என்ற பெயரில் 1960களிலிருந்து உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்குவது இதுதான்.

கருவி 0 முதல் 100 வரை காட்டும். அந்த 100 என்பது ‘காற்று முழுக்க வாயு’ என்று அர்த்தம் இல்லை. வெடிப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு, அதாவது எல்.இ.எல்., வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் அலாரத்தை 20, 40 மாதிரி கீழ் எண்களிலேயே வைக்கிறார்கள்.

எங்கே மாட்டுவது?

இது பார்க்க எளிது, தப்பும் இங்கேதான் அதிகம். மீத்தேன் காற்றைவிட இலேசு, மேலே ஏறும். எல்பிஜி கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மீத்தேனுக்கான டிடெக்டரைக் கூரைக்குக் கீழும், எல்பிஜிக்கானதைத் தரைக்குச் சற்று மேலும் மாட்டணும். அதுக்காகத் தரையை ஒட்டியே மாட்டினால் கழுவுகிற தண்ணீர் சென்சாருக்குள் போகும். கசியக்கூடிய இடங்களான பம்ப், வால்வு, ஃப்ளேஞ்ச் பக்கத்தில் இருக்கணும், காற்று எப்பக்கம் அடிக்குதுன்னு பார்க்கணும், மூக்கு கீழ்நோக்கி இருக்கணும். முக்கியமா, ஏணி போட்டு ஆள் எட்டுகிற இடமா இருக்கணும். எட்டாத டிடெக்டரை யாரும் சோதிக்க மாட்டாங்க.

வயர் அறுந்தால்? அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கருவி ஜீரோவுக்கு 4 மில்லி ஆம்பியரும், 100க்கு 20 மில்லி ஆம்பியரும் அனுப்பும். வயர் அறுந்தால் மின்னோட்டம் 4க்குக் கீழே போகும், கண்ட்ரோல் ரூமில் ‘ஃபால்ட்’ என்று விளக்கு எரியும். ஜீரோவின் இரண்டு அர்த்தங்களில் பாதியை இது பிரித்துவிடுகிறது.

மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

என் கையெழுத்து

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிலிங் நிலையத்தில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஃபில்லிங் ஷெட்டில் எட்டு டிடெக்டர்கள். மாதம் ஒருமுறை சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். முறைப்படி செய்தால், சுத்தமான காற்றில் ஜீரோ பார்த்து, பிறகு சிலிண்டரிலிருந்து டெஸ்ட் கேஸைக் காட்டி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கணும். டெஸ்ட் கேஸ் தீர்ந்திருந்தது, புதுசு வந்து சேரலை. மூன்று மாதம் நான் பேனலில் ஜீரோவை மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் சீனியர் லீவு முடிந்து வந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

“தம்பி, கேஸ் காட்டினியா?”

“இல்லண்ணே, சிலிண்டர் காலி. ஆனா எல்லாம் ஜீரோவுலதான் இருக்கு.”

“ஜீரோ காட்டுதுன்னா நல்லா இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?”

அன்றைக்கே சிலிண்டர் வரவழைத்தார். டெஸ்ட் கேஸ் 50 காட்ட வேண்டியது. ஐந்து டிடெக்டர்கள் ஏறின. கன்வேயர் பக்கத்தில் இருந்த மூன்று? ஒன்று 6. ஒன்று 4. ஒன்று அசையவே இல்லை. ஃபால்ட் விளக்கும் எரியவில்லை. மின்சாரக் கணக்கில் எல்லாம் கச்சிதம், 4 மில்லி ஆம்பியர்.

விசாரித்ததில் தெரிந்தது, கன்வேயர் செயின் சத்தம் போடுகிறது என்று மெக்கானிக்கல் ஆட்கள் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். வினையூக்கி மணிக்குச் சிலிக்கான் ஆவி விஷம். மணியின் மேல் கண்ணாடி மாதிரி படிந்து மூடிவிடும். அதன்பின் வாயு வந்தாலும் எரியாது, எரியாவிட்டால் சூடாகாது, சூடாகாவிட்டால் ஜீரோ. ஈயம் கலந்த பெட்ரோலின் ஆவியும் இதே வேலையைச் செய்யும்.

அந்த மூன்று மாதத்தில் கசிவு எதுவும் நடக்கவில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை. பதிவேட்டில் இருந்த மூன்று ‘சரி’களை அடிக்க வேண்டாம், கீழே நடந்ததை எழுது என்றார் சீனியர். எழுதினேன். திட்டவே இல்லை அவர். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அணைத்து வைத்த அலாரம்

வேலை செய்யும் டிடெக்டரையும் மனிதன் செத்ததாக ஆக்கிவிடலாம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் நடந்த விசாரணையில், தளத்தின் தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் சாட்சி சொன்னார். சென்சார்கள் கண்டது கணினித் திரைக்கு வரும், ஆனால் பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி வைத்திருந்தார்கள். பொய் அலாரத்துக்காக அதிகாலை மூன்று மணிக்கு ஆட்கள் எழுந்திருக்க வேண்டாம் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். இதைப் படித்தபோது அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் டெஸ்ட் கேஸ் இல்லாமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்போது அகச்சிவப்பு டிடெக்டர்கள் வந்துவிட்டன. ஒளிக்கற்றை எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து அளப்பவை. சிலிக்கான் இவற்றைக் கொல்லாது. லென்ஸ் அழுக்கானால் ‘எனக்குக் கண் தெரியலை’ என்று தானே சொல்லும். இருநூறு வருடத்தில் இது பெரிய முன்னேற்றம்தான், ஆனால் ஹைட்ரஜனை இவை பார்க்காது. அதற்கு இன்னமும் டேவியின் சூடான உலோகம் போன்ற வேறு வழிகள்தான்.

எந்த வகையாக இருந்தாலும் சீனியர் சொன்ன விதி மாறவில்லை: கேஸைக் காட்டிக் கேள். அது பதில் சொன்ன பிறகுதான் அதன் மௌனத்துக்கு மதிப்பு. உங்கள் இடத்தில் இப்படி ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தால், அது கடைசியாக எப்போது பதில் சொன்னது என்று பதிவேட்டைப் பாருங்கள். ‘சரி’ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோபப்படாமல்.