ஒரே கொசு, நாலு இனம்

போன வாரம் கனகசெட்டிக்குளத்தில் நண்பன் வீட்டு மொட்டைமாடி. சென்னையிலிருந்து ஈசிஆரில் வந்தால் புதுச்சேரி தொடங்குகிற ஊர். பெரும்பாலானோருக்குச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும், எனக்கு இப்போ கொசு. அடிச்ச ஒண்ணை உள்ளங்கையில வெச்சு, இது எந்த இனம்னு பார்த்தேன். தெரியல. இந்தக் கடற்கரையில் அது லேசான கேள்வியும் இல்லை.

கொசுவும் ஈயும் ஒரே வகையறா: இரண்டே இறக்கை உள்ள டிப்டெரா. அதுல அனாஃபிலிஸ் சப்பிக்டஸ்னு ஒண்ணு, 1899ல் கிராசி பேர் வெச்சது. மாட்டைத்தான் அதிகம் கடிக்கும், மலேரியாவுக்குப் பெருசா சம்பந்தமில்லைன்னு ரொம்ப நாள் ஒதுக்கியிருந்தாங்க. 1981ல் ஓர் ஆய்வு, தென்கிழக்குக் கடலோர கிராமங்களில் மலேரியாவைப் பரப்புறதே இதுதான்னு சொன்னது. உள்நாட்டில் அப்பாவி, கடலோரத்தில் குற்றவாளி. ஒரே பேர்ல ரெண்டு ஆளா?

ஆமாம்னு 1982ல் காட்டினவர் சுகுணா. புதுச்சேரியில் 1975ல் தொடங்கின வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர்ல இருந்தவர். எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறதை வெச்சுப் பிரிச்சார். 1994ல் அவரும் குழுவும் நாலு இனம்னு முடிவுக்கு வந்தாங்க: ஏ, பி, சி, டி.

ஆனா கிராமத்துல யார் குரோமோசோம் பார்ப்பாங்க? அங்கேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அனாஃபிலிஸ் முட்டை மிதக்க, ரெண்டு பக்கமும் காத்தடைச்ச மிதவை இருக்கும். அதுல உள்ள வரிகளை எண்ணணும். ஏ-வுக்கு 31 முதல் 36, சி-க்கு 25 முதல் 29, டி-க்கு 21 முதல் 24, பி-க்கு 16 முதல் 20. எண்கள் எங்கேயும் ஒண்ணோட ஒண்ணு மோதலை! தினமும் இஃப்-எல்ஸ் எழுதுற எனக்குப் பொறாமையே வந்துச்சு. கஷ்டம் என்னன்னா, கொசுவை உயிரோட பிடிச்சு முட்டை போட வைக்கணும். நான் அடிச்சதுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இதுல பி தான் முக்கியம். உப்புத்தண்ணி கலந்த கழிகளில் வளர்றது அதுதான்.

கதை இங்க முடிஞ்சிருக்கணும். 2010ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன் குழு, இலங்கைக் கடலோரத்தில் உருவத்தை வெச்சு 'பி'ன்னு பிரிச்ச கொசுக்களின் டிஎன்ஏ-வைப் பார்த்தது. பெரும்பாலானவை சப்பிக்டஸே இல்லை, சுந்தைக்கஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்தமானில் மலேரியா பரப்புற அதே சுந்தைக்கஸ்தான். வரிகளை யாரும் தப்பா எண்ணலை. அந்த வரிகளோட இன்னொரு இனமும் இருந்தது, அவ்வளவுதான்.