பொலனறுவைக் கல்விகாரை

பொலனறுவைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் அங்குள்ள சிவாலயங்களைத் தரிசித்ததோடு திரும்பிவிடாது, நகரின் வடபாலுள்ள கல்விகாரையையும் கண்டு வருதல் வேண்டும்.

முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) அமைத்த இவ்விகாரையில், ஒரே கற்பாறையிற் புத்தர் பெருமானின் நான்கு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. வீற்றிருக்கும் உருவங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று பாறையைக் குடைந்த குகையினுள் உள்ளது. நின்ற உருவம் ஏறக்குறைய 23 அடி உயரமுடையது. சயனித்த உருவம் 46 அடி நீளமுடையது. தலையின் பாரத்தால் தலையணை சற்றே அமிழ்ந்திருப்பதாகக் காட்டிய சிற்பியின் நுட்பம் வியக்கத்தக்கது. வன்கல்லும் அவன் உளிக்குப் பஞ்சாயிற்று!

இவ்விகாரைக்கு முன்பே, சோழராட்சிக் காலத்தில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரமும் இந்நகரில் இன்றும் நிலைத்து நிற்கின்றது. சோழராட்சி 1070இல் முடிந்தது. பின்னர், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேளைக்காரப் படையினர் இங்கே ஒரு கல்வெட்டுப் பொறித்தனர். புத்தரின் புனித தந்தம் வைக்கப்பெற்ற கோயிலைக் காத்து நிற்போம் என்பதே அதன் உறுதிமொழி. அதன் மொழியோ தமிழ்!

இளைஞர்காள்! பிறர் வணங்கும் திருவுருவைப் போற்றுதல் நமக்குப் புதியதன்று. நம் மொழியிலேயே கல்லில் எழுதப்பட்ட கடமை அது.