மனித உரிமைக் குழுவுக்கு ஒரு மௌலவியை அனுப்பினால் போதுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

எமது பிரதேசத்தில் எந்தக் குழு அமைத்தாலும் ஒரு வழக்கம் இருக்கிறது. சிவில் பாதுகாப்புக் குழுவா, சர்வமதக் குழுவா, நல்லிணக்கக் குழுவா, எதுவானாலும் "ஒவ்வொரு மதத்திலும் ஒரு தலைவரை அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். நாமும் பள்ளிவாசல் தலைவரையோ ஜம்இய்யதுல் உலமாவில் ஒருவரையோ அனுப்பிவிட்டு, எங்கள் பங்கு முடிந்தது என்று இருந்துவிடுவோம். மனித உரிமை சம்பந்தமான குழு என்றாலும் இதே கதைதான்.

மார்க்கத் தலைவர் ஒருவர் மனித உரிமைக் குழுவில் இருக்கலாமா என்று கேட்டால், தாராளமாக இருக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அவரை யார் அங்கே அனுப்புகிறார்கள், யாருக்காக அவர் அங்கே இருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளையும் நாம் கேட்பதில்லை. வரலாறும் குடியியலும் படிப்பிக்கிறவன் என்ற வகையில், எமது கரையோரத்தின் அனுபவத்தை வைத்தே இதைப் பார்க்க விரும்புகிறேன்.

யாரும் நியமிக்காத காலம்

1980களில் கிழக்கில் மனித உரிமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் ஒரு தாய் போய் நிற்கக்கூடிய இடம் பள்ளிவாசல், கோயில், சேர்ச் இவை மூன்றும்தான். அப்படித்தான் பிரஜைகள் குழுக்கள் உருவாகின. மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தவர் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ. காணாமல் போனவர்களையும் கைதானவர்களையும் தேடி முகாம் முகாமாக அலைவது அந்தக் குழுக்களின் வேலை. 1988 ஜூன் 6ஆம் திகதி அவர் ஆயுததாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இரண்டு வருடம் கழித்து, 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். அதே ஆகஸ்ட் 15ஆம் திகதி, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பல காலம் இருந்த அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் தன் சாரதியுடன் காணாமல் போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை.

எமது ஊர்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அந்தக் காலத்தில் இதே பாரத்தைத்தான் சுமந்தன. வயலுக்குப் போக வழி கேட்பது, கடத்தப்பட்டவரைப் பற்றி விசாரிப்பது, அகதியாக வந்தவருக்கு இடம் கொடுப்பது எல்லாம் பள்ளிவாசல் வேலையாக இருந்தது. இவர்களில் எவரையும் அரசு வர்த்தமானியில் பெயர் போட்டு நியமிக்கவில்லை. மக்கள் தேடிப் போனார்கள், அவர்கள் கதவைத் திறந்தார்கள். மதத் தலைவர் மனித உரிமைப் பணிக்குத் தகுதியானவர் என்ற எண்ணம் எமது மண்ணில் பிறந்தது இந்தத் தியாகத்தில்தான். அதை மறந்து பேசக்கூடாது.

2002: பத்திரத்தில் எழுதப்பட்ட ஆசனம்

2002 பெப்ரவரி 22இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் செய்த யுத்த நிறுத்த உடன்படிக்கையை எத்தனை பேர் வாசித்திருப்போம்? சித்திரவதை, மிரட்டல், ஆட்கடத்தல், கப்பம், தொந்தரவு என்று பொதுமக்களுக்கு எதிரான செயல்களை இரு தரப்பும் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதைக் கவனிக்க யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களிலும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் இருந்தது. பெயரில் மனித உரிமை என்ற சொல் இல்லாவிட்டாலும், சாதாரண மனிதன் முறைப்பாட்டோடு போகக்கூடிய மாவட்ட மட்டக் குழு அது.

ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர். இருவர் அரசின் நியமனம், இருவர் புலிகளின் நியமனம், தலைவராக ஒரு சர்வதேசக் கண்காணிப்பாளர். அந்த நால்வரையும் ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச உத்தியோகத்தர்கள், மதத் தலைவர்கள், அதுபோன்ற பிரமுகர்கள் மத்தியிலிருந்து தெரிவு செய்யலாம் என்று உடன்படிக்கையே சொன்னது. அதாவது மதத் தலைவருக்கான இடம் எழுத்திலேயே இருந்தது.

இனி இதைக் கவனியுங்கள். அந்த உடன்படிக்கையின் முகவுரையில், மோதலில் நேரடித் தரப்பாக இல்லாமலே பாதிக்கப்பட்டவர்கள் என்று முஸ்லிம்கள் பெயர் குறிப்பிடப்பட்டார்கள். துன்பப் பட்டியலில் எமக்குப் பெயர் இருந்தது. நியமிக்கும் அதிகாரம் உள்ளவர்களின் பட்டியலில் இல்லை. அரசு விரும்பினால் ஒரு மௌலவியை நியமித்திருக்கலாம். புலிகளும் விரும்பினால் நியமித்திருக்கலாம். ஆனால் அப்போதும் அது அரசின் ஆசனம், அல்லது புலிகளின் ஆசனம். அரசுக்கு எதிராகவோ புலிகளுக்கு எதிராகவோ ஒரு முஸ்லிம் விவசாயி முறைப்பாடு கொண்டுவந்தால், நியமித்தவரின் முகத்தைப் பார்க்காமல் அவரால் பேச முடிந்திருக்குமா?

அடுத்த வருடம், 2003 ஜனவரி 29ஆம் திகதி, எமது ஒலுவில் மண்ணில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி ஒலுவில் பிரகடனத்தை வெளியிட்டார்கள். தாயகம், சுயநிர்ணய உரிமை, சமாதானப் பேச்சில் தனித்தரப்பு என்ற அதன் கோரிக்கைகளைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அதன் அடியில் இருந்த வேதனை இதுதான்: எங்களைப் பற்றிப் பேசும் மேசைக்கு எங்களை அனுப்புவது யார்? 2005 ஜூனில் கையெழுத்தான சுனாமிப் பொதுக்கட்டமைப்பிலும் இதே கதை தொடர்ந்தது. குழுவில் முஸ்லிம்களுக்கு ஆசனம் இருந்தது, ஒப்பந்தத்தில் முஸ்லிம்களின் கையெழுத்து இல்லை. அது நடைமுறைக்கு வருவதற்குள் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஐந்து உறுப்பினர்கள். மனித உரிமை பற்றிய அறிவு அல்லது நடைமுறை அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். சிறுபான்மையினர் பிரதிநிதித்துவம் பெறும் அவசியத்தையும் கருத்தில் எடுக்க வேண்டும். சட்டத்தின் அளவுகோல் இவைதான். மதத் தலைவருக்கென்று தனி ஆசனம் கிடையாது. தகுதி இருந்தால் மதத் தலைவருக்குத் தடையும் கிடையாது.

அப்படி ஒருவர் இருந்தும் இருக்கிறார். சங்கைக்குரிய களுபஹன பியரதன தேரர், 20ஆம் திருத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் ஆணைக்குழு உறுப்பினராக இருந்தார். ஒரு பிக்கு உறுப்பினராக வந்ததில் பிழை காண எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது அந்தக் காலத்து நியமன முறையை. 2001இல் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. அதன் சிபாரிசு இல்லாமல் ஆணைக்குழுவுக்கு நியமனம் இல்லை என்றானது. 2020இன் 20ஆம் திருத்தம் அந்தப் பேரவையை எடுத்துவிட்டு, ஜனாதிபதி விரும்பியவரை நியமிக்க வழிவிட்டது. 2022இல் 21ஆம் திருத்தத்துடன் பேரவை மீண்டும் வந்தது.

இந்த முறை ஏன் முக்கியம் என்பதற்கு 2006ஐப் பாருங்கள். பேரவை இயங்காத நிலையில் ஜனாதிபதி நேரடியாக ஆணையாளர்களை நியமித்தார். 2007இல் சர்வதேச மட்டத்தில் எமது ஆணைக்குழு 'ஏ' தரத்திலிருந்து 'பி' தரத்துக்கு இறக்கப்பட்டது. திரும்ப 'ஏ' தரம் கிடைக்க 2018 வரை போனது.

2023இல் வந்த ஆணைக்குழுவில் பேராசிரியர் பாத்திமா பர்ஸானா ஹனீபா உறுப்பினரானார். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிப் பல வருடம் ஆய்வு செய்தவர். முஸ்லிம் சமூகத்திலிருந்து ஆணைக்குழுவுக்குப் போவதென்றால் ஆலிமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு பெண்ணும் போகலாம் என்பதற்கு இது எம் கண் முன்னே உள்ள உதாரணம்.

கிழக்கின் இன்னோர் அனுபவம்

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கான ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். எல்லாவல மேதானந்த தேரர் உட்பட இரண்டு பிக்குகள் அதில் இருந்தார்கள். பெரும்பான்மையாகத் தமிழரும் முஸ்லிமும் வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், அமைத்தபோது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. தீகவாபியை அண்டியும் பொத்துவிலிலும் காணி வைத்திருக்கும் எமது மக்களுக்கு அது எவ்வளவு பயத்தைக் கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை. 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணி வந்தது. தலைவராக ஞானசார தேரர். அதில் ஆரம்பத்திலேயே நான்கு முஸ்லிம்கள் இருந்தார்கள், தமிழர் எவரும் இருக்கவில்லை. அந்த நான்கு பெயர்களும் இருந்ததால் எமது சமூகத்தின் பயம் குறைந்ததா?

பெயர் இல்லாவிட்டால் ஆபத்து. பெயர் மட்டும் இருந்தால் அதைவிடச் சிக்கல். "உங்கள் ஆட்களும் இருக்கிறார்கள்தானே" என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம்.

தென்னாபிரிக்காவைப் பார்த்தால்

நிறவெறி ஆட்சி முடிந்து 1995இல் தென்னாபிரிக்கா மனித உரிமைகள் ஆணைக்குழுவை அமைத்தபோது அதன் முதல் தலைவர் பார்னி பிட்யானா, ஓர் அங்கிலிக்கன் பாதிரியார். ஆனால் அவர் அங்கியால் மட்டும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஸ்டீவ் பிகோவின் தோழராகப் போராடி, தடை விதிக்கப்பட்டு, நாடுகடந்து வாழ்ந்தவர். அதே நாட்டில் பால் சமத்துவ ஆணைக்குழுவில் ஆணையாளராக இருந்தவர் பரீத் இஸாக். பாகிஸ்தானில் மத்ரஸாவில் படித்த ஆலிம். பெண்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் ஆணைக்குழுவில் ஓர் ஆலிம் இருந்தார் என்பதை எமது ஊரில் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். தன் சமூகத்தைக் காப்பாற்றும் வக்கீலாக அவர் அங்கே போகவில்லை. தன் சமூகத்துக்குள் நடக்கும் அநியாயத்தைப் பற்றியும் அவர் பேசினார், எழுதினார்.

ஹில்புல் புழூல் தரும் பாடம்

இது எமக்குப் புதிதல்ல. நபித்துவத்துக்கு முன் மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் நடந்த ஹில்புல் புழூல் உடன்படிக்கையை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். யமன் நாட்டின் ஸபீதிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் பொருளை வாங்கிவிட்டு, மக்காவின் பெரிய மனிதர் ஆஸ் இப்னு வாஇல் காசு கொடுக்கவில்லை. வந்தவருக்கு மக்காவில் ஆள் பலம் இல்லை. அப்போது குறைஷிகளில் சில கோத்திரத்தவர் கூடி, அநியாயம் செய்யப்பட்டவர் உள்ளூரானாலும் வெளியூரானாலும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். தம் ஊர்ப் பிரமுகரிடமிருந்தே பொருளை வாங்கிக் கொடுத்தார்கள். ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இளமையில் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்று சொன்னார்கள்.

மனித உரிமைக் குழுவுக்கு ஒருவரை அனுப்பும்போது நாம் வைக்க வேண்டிய அளவுகோல் இதற்குள் இருக்கிறது. தன் ஊரின் பெரிய மனிதருக்கு எதிராக, ஊருக்குப் புதியவரின் முறைப்பாட்டை அவர் எடுப்பாரா?

இன்னும் விளக்கமாகச் சொன்னால்: காழி நீதிமன்றத்தில் தனக்கு நீதி கிடைக்கவில்லை என்று ஒரு சகோதரி அழுதுகொண்டு வந்தால், "சமூகத்தின் மானம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்துக் கேட்பாரா? பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மீனவர் எமது ஆட்கள் மீது முறைப்பாடு சொன்னால் எழுதிக்கொள்வாரா? பொலிஸ் பொறுப்பதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்த அடுத்த நாள், அதே பொலிஸில் அடிபட்ட பையனுக்காகப் பேசுவாரா? ஆம் என்றால், தலையில் தொப்பி இருந்தாலும் சரி, காவி உடுத்திருந்தாலும் சரி, கழுத்தில் சிலுவை தொங்கினாலும் சரி, அவர் தகுதியானவர். இல்லையென்றால் எத்தனை பட்டம் இருந்தும் பயனில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: அடுத்த முறை ஒரு குழுவுக்கு ஆள் கேட்டால், ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு பேர் பேசி முடிவெடுக்காமல் ஊரைக் கூட்டிக் கேட்போம். பெண்களையும் கேட்போம்.

இரண்டு: ஒரு மௌலவியை அனுப்பினால், கூடவே ஒரு பெண்ணையும் சட்டம் தெரிந்த ஒருவரையும் எடுக்கும்படி கேட்போம். மௌலவிமார் எல்லாப் பாரத்தையும் தனியே சுமக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் அநியாயம்.

மூன்று: போனவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன முறைப்பாடு வந்தது, என்ன நடந்தது என்று பெயர்களை மறைத்து ஊருக்குச் சொல்லட்டும்.

நான்கு: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் கல்முனையிலேயே இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கக் காசு தேவையில்லை. அரச நிர்வாகத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் காலத்தைத் தவறவிடுகிறார்கள். குத்பாவில் இரண்டு நிமிடம் இதைச் சொன்னால் போதும், அதுவே பெரிய மனித உரிமைப் பணி.

அந்தக் காலத்தில் பள்ளிவாசல் வாசலில் நின்ற தாய்மாருக்கு எமது முன்னோர் கதவைத் திறந்தார்கள். இன்று குழுவும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, அலுவலகமும் இருக்கிறது. அங்கே எமக்காகப் போய் உட்காருகிறவர் யார் என்பதை நாம்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பிரஜைகள் குழுக்களில், பள்ளிவாசல் நிர்வாகங்களில் அந்தக் காலத்தில் வேலை செய்த மூத்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். உங்கள் வாப்பாவிடம், மூத்தாப்பாவிடம் கேட்டு அவர்களின் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். எமது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத வரலாறு அது.

அல்லாஹ் எம் எல்லோருக்கும் நீதியின் பக்கம் நிற்கும் துணிவைத் தருவானாக. ஆமீன்.