புதுக்கடையும் ஒரு சிவப்புத் தொப்பியும்

வாப்பா கந்தோருக்குப் புறப்படுகிறார் என்றால் கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடைக்கு நடந்து போகிறார் என்று பொருள். அங்கே ஒரு பழைய வீட்டின் முன்விறாந்தையில் ஒரு பிறக்கிறாசியிடம் அவர் கிளாக்கராக இருந்தார். காணி உறுதிகளைப் படியெடுப்பதுதான் வேலை. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, வாசலில் இரண்டு தூண், உள்ளே கூரை முட்டும் அலுமாரிகளில் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோற்றுப் பொதி கொண்டுபோகும் நாட்களில் அந்தக் கடதாசி வாசம் எனக்குப் பழகிவிட்டது.

எங்களவர் வாயில் புதுக்கடை, சிங்களத்தில் அளுத்கடே, அரச ஏடுகளில் ஹல்ஸ்டொப். மூன்றாவது பெயர் ஓர் ஒல்லாந்தத் தளபதியுடையது. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்புக் கோட்டையைப் பிடிக்க வந்து, 1656 முற்றுகையிலேயே மாண்டுபோன ஜெராட் ஹல்ப்ட் என்பவர் அவர். 'டோர்ப்' என்றால் அவர்கள் மொழியில் ஊர். கந்தோர், அப்புக்காத்து, நொத்தாரிசு எல்லாம் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களே. ஆட்சி போனது, சொல் போகவில்லை. கோடு கச்சேரி ஏறாமல் வாழ வேண்டும் என்று துஆச் செய்த உம்மாமார்கூட, காணிச் சண்டை வந்தால் அந்தச் சொற்களைத்தான் சொல்லி அழுதார்கள்.

முஸ்லிம்களுக்கும் இந்த நீதிமன்றங்களுக்கும் உள்ள உறவு பழையது. திருமணம், வாரிசுரிமை பற்றிய நம் வழக்கங்களை ஆங்கிலேயர் 1806இல் ஒரு கோவையாக எழுதினார்கள். அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதில் முன்னின்றவர். 1833இல் கண்டியில் முகம்மது லெப்பை பிறக்கிறாசியானார். முஸ்லிம்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் அவரே. அவருடைய மகன்தான் நம் சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' நடத்தியவராக, 'அசன்பே சரித்திரம்' எழுதியவராக அவரைக் கொண்டாடுகிற நாம், அவர் சோறு உண்டது சட்டத் தொழிலில் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். பத்திரிகைக்கான துணிச்சலில் ஒரு பங்காவது வழக்காடி வந்தது என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வந்தது 1905இல் நடந்தது. எம். சி. அப்துல் காதர் என்ற அப்புக்காத்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம். ஹல்ஸ்டொப்பில் உயர் நீதிமன்றத்தின் முன் துருக்கித் தொப்பியோடு எழுந்து நின்றார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஏற்கவில்லை. ஐரோப்பியன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுகிறான். கீழைத்தேயத்தான் செருப்பைக் கழற்றுகிறான். சப்பாத்தும் போட்டு, தலையையும் மூடிக்கொண்டு நிற்பது எந்த மரபு? தொப்பியையோ சப்பாத்தையோ ஒன்றைக் கழற்ற வேண்டும். இதுதான் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இரண்டையும் கழற்ற மறுத்து அப்துல் காதர் வெளியேறினார்.

இது பெரிய விடயமா என்று கேட்கலாம். அந்தத் தொப்பி சுன்னத்தும் அல்ல, பர்ளும் அல்ல. 1829இல் உஸ்மானியச் சுல்தான் தன் உத்தியோகத்தரின் தலையில் வைத்த உடைதான் அது. பின்னாளில் அதில் பெரும்பங்கு ஒஸ்திரியாவின் ஆலைகளிலிருந்து வந்தது. இங்கே அதற்கு மதிப்பு ஏறியது, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷா 1883இல் கொழும்பில் வந்திறங்கிய பிறகு. படித்த முஸ்லிம் ஒருவன் கோட்டும் சப்பாத்தும் அணிந்தபடியே தான் யார் என்பதைக் காட்டும் வழியாக அது ஆனது. நீதிமன்றம் கேட்டது அந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லித்தான். ஒன்றில் வெள்ளைக்காரனைப் போல வா, அல்லது வெறுங்காலோடு வா.

சமூகம் அதைச் சரியாகவே விளங்கிக்கொண்டது. சோனகர் சங்கத்தின் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முன்னின்று உழைத்தார். பொன்னம்பலம் இராமநாதனின் இனவியல் கட்டுரைக்கு 1907இல் ஆங்கிலத்தில் மறுப்பு எழுதினவரும் அவரே. இந்தியாவிலிருந்து பாரிஸ்டர் மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் அழைக்கப்பட்டார். 1905 டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. கல்லெறி இல்லை, கடையடைப்பு இல்லை, தீர்மானமும் மனுவும்தான். அடுத்த ஆண்டே கட்டளை தளர்ந்தது, தொப்பி தலையிலேயே இருந்தது. இருபது ஆண்டு கழித்து, 1925இல், துருக்கியே அந்தத் தொப்பியைச் சட்டம் போட்டுத் தடுத்தது! புதுக்கடையில் வென்றதை அங்காராவில் தோற்றோம் என்று வாப்பா சிரிப்பார்.

இதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உறுதி எழுதும் இடைவேளையில் வாப்பா சொன்னதுதான். 1974 தொடக்கத்தில் அப்புக்காத்து, பிறக்கிறாசி என்ற பிரிவு நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனபோது, கந்தோர் வாசலில் பலகை மாறியது. முதலாளி காலமானதும் பிள்ளைகள் வெளிநாட்டில். வீடு விற்றுப்போனது, கட்டுகளை எடைக்குப் போட்டார்கள். எத்தனை குடும்பங்களின் கதை அந்தச் சாக்குகளில் போனதோ! இப்போது அந்த இடத்தில் நான்கு மாடி, கீழே போட்டோப் பிரதி எடுக்கும் கடை. பேணப்பட வேண்டிய கட்டடம் என்றால் கோட்டையும் தேவாலயமும்தான் என்று நாம் நினைத்திருந்தோம். ஓட்டு வீட்டுக் கந்தோரை யார் எண்ணினார்?

வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மகள் சட்டத்தரணியாகிச் சில வருடங்கள் ஆகின்றன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு காரியாலய வாசலில் காவலாளி அவளை நிறுத்தி, முக்காட்டைக் கழற்றினால்தான் உள்ளே விடுவேன் என்றான். முகத்தை மூடுவதற்குத்தான் அப்போது தடை. அவள் முகம் திறந்தே இருந்தது. அவள் சண்டை போடவில்லை. கையிலிருந்த வர்த்தமானியின் பிரதியை நீட்டி, அந்த வரியைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினாள். மேலே கேட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரும்வரை வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றாளாம்.

அன்றிரவு அவளுக்கு அப்துல் காதர் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாமா, அவர் வெளியே வந்தாரே, அன்றைக்கு அவருடைய கட்சிக்காரனுக்கு யார் பேசினது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வாப்பாவிடமும் நான் அதைக் கேட்டதில்லை.