குறுக்குக் கம்பி

சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்கிறார். பிறகு நிறத்தைப் பார்க்கிறார். அந்த வண்டியில் தம்மோடு யார் யார், என்னென்ன ஏறப் போகிறது என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் உதிக்கிறது. சைக்கிளின் சரித்திரமோ அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறது.

1870-களில் இங்கிலாந்தில் ஓடிய வண்டிக்கு முன்சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரம். பின்சக்கரம் முழ உயரம். மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்ததால் ஒரு மிதிக்கு ஒரே சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரம் பெருக்கத்தானே வேண்டும்! ஒரு கல் தடுக்கினால் போதும், சவாரி செய்பவர் தலைகுப்புற விழுவார். இளவட்டங்களுக்கு அது வீர விளையாட்டு; கடைத்தெருவுக்குப் போகிறவருக்கு அதனால் பிரயோஜனமில்லை.

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் தம் ‘ரோவர்’ வண்டியில் சங்கிலியைப் பூட்டிப் பின்சக்கரத்தை ஓட வைத்தார். பெரிய பல்சக்கரம் சிறியதைச் சுழற்றியதால் ராட்சஸச் சக்கரத்துக்கு வேலை போயிற்று. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். சைக்கிள் சாதாரண மனிதனிடம் இறங்கி வந்தது.

ஆசனத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடும் குறுக்குக் கம்பியை நம் ஊரில் ‘பார்’ என்பார்கள். சீமைப் பெண்களின் நீண்ட பாவாடைக்கு அது இடைஞ்சல் என்று, அதைக் கீழே இறக்கி ‘லேடீஸ் சைக்கிள்’ செய்தார்கள். அந்த வகுப்புப் பிரிவினை அப்படியே நமக்கும் வந்து சேர்ந்தது. 1949-ல் தொடங்கிய டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தபோதும் பார் வைத்தது ஆணுக்கு, வைக்காதது பெண்ணுக்கு என்பதே சம்பிரதாயம்.

அதை மாற்றிக் காட்டியவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் கற்க வேண்டும் என்றார். வண்டி வாங்கப் பாங்கிக் கடனுக்கும் முயற்சி எடுத்தார். வயல் வேலை செய்பவர்களும் கல் உடைப்பவர்களும் தெருவின் ஏச்சுப் பேச்சைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும், கொண்டுபோய் விடும் ஆண்பிள்ளைக்கும் காத்திருப்பது நின்றது.

அங்கே லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். சிலரோ, தட்டுப்பாட்டுக்காக அல்ல, விரும்பியே அதைக் கேட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பின்னால் தண்ணீர்க் குடமோ விளைபொருளோ இருக்கும், முன்னால் குழந்தை. எதை இடைஞ்சல் என்று சீமையில் எடுத்தார்களோ, அதுவே இந்தத் தாய்மார்களுக்கு ஆசனமாயிற்று.

இன்று கடைகளில் கியர் என்றும் தடித்த டயர் என்றும் ஆசை காட்டும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் கேரியர் இல்லாத வண்டிக்கு அதிக விலை கேட்கிறார்கள். தினமும் அரிசிப் பையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏற வேண்டிய வீட்டுக்கு அது எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான். உங்கள் பாரம் இன்னதென்று கடைக்காரருக்குத் தெரியாது. அதைப் புதுக்கோட்டைப் பெண்களைப்போல நீங்கள்தான் சொல்ல வேண்டும்.