விரல் ஓரிடம், குரல் ஓரிடம்

பழைய ஹாமண்ட் ஆர்கனின் ஒலிபெருக்கிக் கேபிளை நீட்ட முற்படுவோர், அதன் முனையில் ஆறு ஊசிகளைக் கண்டு திகைப்பதுண்டு. எளிய ஒலிபெருக்கி ஒன்றுக்கு இரு கம்பிகள் போதுமே, இதற்கு ஏன் ஆறு? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், நாம் ஒரு வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

சிக்காகோவைச் சேர்ந்த லாரன்ஸ் ஹாமண்ட் அடிப்படையில் ஒரு கடிகாரக்காரர். மின்கடிகாரத்திற்கென அவர் வடித்த மோட்டாரின் சீரான சுழற்சியே அவரது ஆர்கனுக்கும் உயிராயிற்று. காந்தங்களின் அருகே சுழலும் 91 பல்சக்கரங்கள் சுரங்களைப் பிறப்பித்தன. 1935இல் விற்பனைக்கு வந்த அக்கருவியின் இசைமேடையில் குரல் இல்லை. குரல் தனியொரு பெட்டியில், ஒலிபெருக்கியுடனும் அதனை இயக்கும் மின்பெருக்கியுடனும் குடியிருந்தது. இரண்டையும் இணைத்தது கேபிள். குழல் ஆர்கனில் காற்று செய்த பணியை இங்கே கம்பி ஏற்றுக்கொண்டது எனலாம்.

குழல் ஆர்கனுக்கு நிகரானது என்ற விளம்பரத்தை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் எதிர்த்தது. வழக்கின் போது சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் ஆலயத்தில் இரு கருவிகளும் மறைவில் ஒலிக்கப்பட்டன. கேட்டவர்களில் இசை வல்லுநர்களே பலமுறை இனங்காணத் தவறினர். எனினும் 1938இல் ஆணையம் அவ்விளம்பரத்தைத் தடுத்தது. தீர்ப்பு நியாயமானதே என்பது நம் எண்ணம். செவியை ஏமாற்ற முடிவது வேறு, நிகராவது வேறு.

திருச்சபையும் எச்சரிக்கையோடுதான் நடந்தது. 1958 செப்டம்பர் 3ஆம் நாள் உரோமையில் வெளியான திருஇசை பற்றிய அறிவுரை, குழல் ஆர்கனுக்கு வசதியில்லாத இடங்களில் மின் ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. அதற்கும் தல ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்றது. "தற்காலிகம்" என்ற அச்சொல் பல ஆலயங்களில் எத்தனை ஆண்டு நீண்டது என்பதை நாம் அறிவோம்!

இதற்கிடையே டொனால்ட் லெஸ்லி என்ற பொறியாளர், பெரிய கூடத்தில் இனித்த ஹாமண்ட் தம் வீட்டறையில் களையிழந்ததைக் கண்டு, ஒலி சுழன்று வெளிவரும் பெட்டியொன்றைச் செய்தார். ஹாமண்ட் நிறுவனம் அதனை ஏற்கவில்லை. 1980இல்தான் லெஸ்லியின் தொழில் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது. மக்களோ காத்திருக்கவில்லை. அமெரிக்கக் கருப்பின மக்களின் ஆலயங்களில் ஹாமண்டும் லெஸ்லியும் பிரியாத இணையாயின.

இனி அந்த ஆறு ஊசிகள். லெஸ்லி 122 என்ற வகையை எடுத்துக்கொள்வோம். மின்பெருக்கி பெட்டிக்குள் இருப்பதால், அதை இயக்கும் வீட்டு மின்சாரம் முழுவதும் இதே கேபிளில் ஓடுகிறது. உடன் ஓடும் இசைக் குறிகை இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகவே ஏறுவதால் முடிவில் கழிந்துபோகும். ஆகவே நீளம் அதற்குப் பெரும் பகையன்று. சுழற்சியின் வேகத்தை மாற்றும் கட்டளையும் அவ்விரு கம்பிகளின் மீதே ஏறிச் செல்கிறது. 147 என்ற வகையில் அமைப்பு வேறு; ஒன்றின் கேபிளை மற்றதற்குப் பொருத்துதல் ஆகாது. எனவே சந்தையில் கிடைக்கும் மெல்லிய ஒலிபெருக்கிக் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டுவது சிக்கனமன்று, உயிராபத்து. மின்சாரத்தைத் தாங்கும் தடிமனுள்ள, ஊசிக்கு ஊசி பொருந்திய ஒரே நீளக் கேபிளை, விவரமறிந்தவர் கையால் செய்வித்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே செருகவும் கழற்றவும் வேண்டும்.

ஆயினும் கம்பி வென்ற தொலைவைக் காற்று வெல்வதில்லை. இசைப்பவர் மேல்மாடத்திலும் பெட்டி பீடத்தருகிலும் இருந்து, இடைவெளி 30 மீட்டர் ஆனால், அவர் அழுத்திய சுரம் அவர் செவிக்குத் திரும்ப விநாடியில் பத்திலொரு பங்குக்குச் சற்றே குறைந்த நேரம் ஆகும். தாம் கேட்பதற்காகக் காத்து வாசிப்பவரின் கை தளரும். பாடும் மக்களும் அவரோடு தளர்வர். கருப்பின ஆலயங்களில் பெட்டி பெரும்பாலும் இசைப்பவர் கண்ணெதிரே நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். கேபிளை நீட்டுமுன், பெட்டியை நகர்த்துவதா, இசைமேடையையே மக்களருகே இறக்குவதா என்று பாடகர் குழுவோடு அமர்ந்து பேசுவது நலம்.