இதயம் நின்ற பிறகும் நிற்காத செய்தி

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ, பந்தலிலிருந்து நறுக்கிய திராட்சைக் குலையைப் பார்த்திருப்பீர்கள். கொடியைவிட்டுப் பிரிந்ததும் அது உயிரற்றுப் போகிறதா? இல்லை. அதன் செல்கள் தொடர்ந்து சுவாசிக்கின்றன. சேமித்த சர்க்கரையைச் செலவிடுகின்றன. அந்தச் செலவைக் குறைக்கத்தான் குலைகளைக் குளிர்பதன அறையில் வைக்கிறார்கள்.

மனித இதயமும் இத்தகையதே. துடிப்பு நிற்கும் நேரத்தை மருத்துவர் குறித்துக்கொள்கிறார். ஆனால் இதயத்தின் கோடிக்கணக்கான செல்கள் ஒரே நொடியில் ஓய்ந்துவிடுவதில்லை. அந்த இடைவேளையில் அவற்றுள் நடப்பதைச் சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. அதுதான் ஆர்.என்.ஏ.

இந்தப் பெயர் தேனி மக்களுக்குப் புதிதன்று. 2020-இல் கொரோனா பரவியபோது, தமிழ்நாட்டில் தொடக்க நாட்களிலேயே அதற்கான சோதனையை நடத்திய அரசுக் கூடங்களுள் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக் கூடமும் ஒன்று. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டிகளில் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றில் தேடியது வைரஸின் ஆர்.என்.ஏ.வை. அது வழியிலேயே சிதைந்துவிடக்கூடாது என்பதற்காகவே அந்தக் குளிர்ச்சி.

அதே வகை மூலக்கூறு நம் செல்களிலும் இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூல ஆவணம் பத்திரமாக இருக்க, தேவைக்கு நகல் எடுத்துத் தருவதுபோல, செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இருக்க, அதிலுள்ள ஜீனின் நகலாகத் தூது ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. இதை 1961-இல் பிரென்னர், ஜாகோப், மெசல்சன் ஆகியோர் சோதனையால் காட்டினர். இந்த நகலைப் படித்துப் புரதம் செய்யும் உறுப்பு ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். எந்த ஜீனுக்கு எத்தனை நகல்கள் உள்ளன என்று எண்ணினால், செல் அந்நேரத்தில் எந்த வேலையில் முனைந்திருக்கிறது என்பது விளங்கும். இதையே ஜீன் வெளிப்பாடு என்கிறோம்.

நகல் என்றால் நீண்ட நாள் இருக்கவேண்டியதில்லை அல்லவா? வேலை முடிந்ததும் செல்லே அதை அழித்துவிடுகிறது. அழிக்கும் நொதிக்கு ரைபோநியூக்ளியேஸ் என்று பெயர். மாட்டின் கணையத்திலிருந்து இதனை 1940-இல் குனிட்ஸ் படிகமாக்கினார். கொதிக்க வைத்தாலும் எளிதில் செயலிழக்காத பிடிவாதமான நொதி இது. ஆகவே இறந்த உடலில் ஆர்.என்.ஏ. மிஞ்சாது என்பதே பலரின் எண்ணமாக இருந்தது. 1979-இல் கணையத்திலிருந்தே சிதையாத ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் முறையும், 1987-இல் அதைவிட எளிய முறையும் வெளிவந்தன. அதன்பின் பிரேதப் பரிசோதனையில் கிடைத்த திசுக்களையும் ஆராய்வது எளிதாயிற்று.

கிடைத்த விடை வியப்பானது. எல்லா உறுப்புகளும் ஒன்றுபோல் சிதைவதில்லை. நொதி நிறைந்த கணையத்தில் ஆர்.என்.ஏ. விரைவில் அழிகிறது. இதயத் தசையிலோ பல மணி நேரம் கழித்தும் ஆராயத்தக்க நிலையில் இருக்கிறது. 2006-இல் ஆர்.என்.ஏ.வின் முழுமையை 1 முதல் 10 வரை மதிப்பெண்ணிட்டு அளக்கும் முறையும் வந்தது.

2010-இல் அமெரிக்காவில் 'ஜிடெக்ஸ்' என்னும் பெருந்திட்டம் தொடங்கியது. இறந்தவர்களின் உறவினர் ஒப்புதலுடன், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், இதயம் உள்ளிட்ட பல உறுப்புகளிலிருந்து திசுக்கள் சேகரிக்கப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்களின் திசுக்களை ஆராய்ந்து, பார்சிலோனாவைச் சேர்ந்த குழுவினர் 2018-இல் முடிவை வெளியிட்டனர். மூளையிலும் மண்ணீரலிலும் நேரத்தால் ஏற்பட்ட மாற்றம் குறைவு. எலும்புத் தசையிலோ நூற்றுக்கணக்கான ஜீன்களின் அளவு மாறியிருந்தது. பல திசுக்களின் மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்து இறந்த நேரத்தைக் கணிக்கலாம் என்றும் காட்டினர். அதற்கு முந்திய ஆண்டு எலியிலும் வரிக்குதிரை மீனிலும் செய்த ஆய்வில், இறந்தபின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீன்களின் ஆர்.என்.ஏ. அளவு உயர்ந்தது தெரியவந்தது.

இறந்த செல் ஏன் புதிதாக நகலெடுக்கவேண்டும்? பிராணவாயு தீரும்போது செல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது. அதற்குரிய ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. கூட்டம் கலையும்போது கடைசிவரை நிற்பவர்களின் விகிதம் கூடியதுபோல் தோன்றும். அவ்வாறே, மற்ற நகல்கள் அழிய, உறுதியானவை மட்டும் நின்றாலும் அவை பெருகியதுபோல் கணக்கு காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளரின் திறமை.

இதனால் நமக்கு என்ன பயன்? பழுதடைந்த இதயத்தின் திசு, மாற்று அறுவையின்போது சில நிமிடங்களில் கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நல்ல இதயத்தின் திசுவோ பல நேரம் இறந்தவரிடமிருந்து மணிக்கணக்கில் தாமதமாகவே கிடைக்கிறது. இரண்டும் வேறுபட்டால் அது நோயின் அடையாளமா, தாமதத்தின் அடையாளமா? கடிகாரத்தைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, சாவின் தடயத்தையே நோயின் காரணமென்று தவறாகச் சொல்லிவிடும். அதை நம்பி மருந்து தேடினால் உழைப்பு வீண்; நோயாளிக்கும் பயனில்லை.

இதய மாற்று அறுவையிலும் கடிகாரமே அரசன். உடலிலிருந்து எடுத்த இதயத்தைக் குளிரில் வைத்து ஏறக்குறைய 4 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். மூளைச்சாவை ஏற்கும் சட்டம் 1994-இல் வந்தபின், அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் தில்லியில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தனர். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த மாதமே அம்மரியாதையைப் பெற்றவர்களுள் ஒருவர் சின்னமனூரைச் சேர்ந்தவர்.

துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் விரைந்து தரும் ஒப்புதல், ஓர் உயிரைக் காக்கலாம். இல்லையேல் ஆய்வுக்கு ஒரு நல்ல திசுவைத் தரலாம். இரண்டிலும் செல் நமக்கு அளிக்கும் அவகாசம் சில மணி நேரமே. மருத்துவர் குறித்துவைக்கும் அந்த நேரம் வெறும் சடங்கன்று; அதன் பின் வரும் ஆய்வுக் கணக்கு முழுவதும் அங்கிருந்தே தொடங்குகிறது.